இரட்டைப் பங்கு கோதுமை

என் வயசுக்காரர்கள் வீட்டில் ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சப்பாத்திதான். ஐம்பதைத் தாண்டியதும் நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குச் சர்க்கரை வந்துவிடுமோ என்று பயம். நெல்லிலேயே பிறந்து நெல்லிலேயே வளர்ந்த தஞ்சாவூர்க்காரர்கள், பொழுது சாய்ந்ததும் இரண்டு சப்பாத்தியைக் குருமாவில் தோய்த்து, கஷாயம் குடிக்கிற முகத்தோடு விழுங்கிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்த வருஷம், அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று எதற்கு இரண்டு வேலை என்று நானும் சப்பாத்திக்கு மாறினேன். வந்தது வினை.

ஆறேழு மாதத்தில் வயிறு உப்ப ஆரம்பித்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் உள்ளே உருளும், பிறகு ஓட வேண்டும். எடை மளமளவென்று இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் வாக்கிங் போகிறீர்களா என்று பொறாமையோடு விசாரித்தார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். கர்ப்பிணிகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே, மாத்திரையைத் தின்றாயா சன்னலுக்கு வெளியே போட்டாயா என்று அதட்டியவள். என் ரத்தமும் அவர்களுடையதைவிட ஒசத்தியாக இருந்ததில்லை. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் ஏறாது. கல்யாணமான புதிதில் இரண்டு முறை கரு தங்காமல் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் பேதி தாங்காமல் வெறும் மோர்ச்சோறாகச் சாப்பிட்டபோது எல்லாம் நின்றது. மறுபடி சப்பாத்தி, மறுபடி பேதி. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கோதுமையை நானாகவே நிறுத்தினேன், இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது. தஞ்சாவூரில் குடல் டாக்டரிடம் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும், வடக்கே படித்துவிட்டு வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிறுத்திவிட்டு வந்துவிட்டீர்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறதாம். கோதுமையில் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஆகாது, அதைத் தின்னத் தின்ன உடம்பே தன் சிறுகுடலின் உள்தோலை அரித்துவிடும், தின்ற சோற்றின் சத்து உள்ளே சேராது. ரத்தத்தைச் சோதித்தாலும் குடலில் துளி சதை கிள்ளிச் சோதித்தாலும் தெரியும். ஆனால் கோதுமை தின்றுகொண்டிருக்கும்போது சோதித்தால்தான் தெரியும், நிறுத்திவிட்டு வந்தால் ஒன்றும் இல்லை என்று வந்துவிடலாம். அதனால் ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். அரிசி தின்கிற ஊர், இங்கே யாரும் இதைத் தேடிப் பார்ப்பதே இல்லை என்று வருத்தப்பட்டார். கிளம்பும்போது, சின்ன வயசில் எப்போதாவது கோதுமை சாப்பிட்டு உடம்பு கெட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது.

அந்த ஆறு வாரமும் நான் மெனக்கெட்டு நோயாளி ஆனேன். காலையில் கோதுமை ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி. ரவை வேகும் வாடை மூக்கில் ஏறினால் போதும், எட்டு வயசுப் பெண்ணாக ஒரு வராந்தாவில் அலுமினியத் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு பருவத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உங்களில் சிலர் அதே கோதுமையைத் தின்று வளர்ந்தவர்கள். நான் எங்கேயாவது தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான், அதில் எங்கள் தெருவுக்குச் சொந்தமாக ஒரு கதிர் கிடையாது. தெருவில் எல்லோரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எல்லோரும் ஒரே பண்ணையில் கூலிகள். கூலியையும் நெல்லாகத்தான் அளப்பார்கள். வேலை இருந்தால் உலை கொதிக்கும். புது ஆட்சி வந்திருந்தது. ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்று மேடையில் பேசிய பேச்சு பட்டணத்தோடு நின்றுவிட்டது, எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கார்த்திகை மார்கழியில் எப்போதும் அரைப்பட்டினிதான், தையில் அறுவடை வந்தால் தீரும். அந்தத் தையில் அறுவடை நடக்கவில்லை. கூலியில் அரைப்படி கூட்டித் தராமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று அப்பாவும் அவருடைய சங்கத்து ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருமுனைக் கொடிக்கம்பத்தடியில் நின்று பேச ஆரம்பித்தால் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து நிற்பார்கள். பண்ணைக்குத் திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறவர்களைக் கருங்காலி என்பார். அந்த வார்த்தையை வெற்றிலைச் சாற்றோடு சேர்த்துத் துப்புவார். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்திருந்தது. அர்த்தம் தெரியாமல் அண்ணனைக் கருங்காலி என்று கூப்பிட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன்.

கோதுமை கார்த்திகையிலேயே வந்துவிட்டது. அமெரிக்கா தருமமாக அனுப்பியது, கோவிலுக்கு லாரியில் வரும். உடைத்த கோதுமை, பால்பவுடர், தகர டின்னில் எண்ணெய். மூட்டைத் துணியில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் அச்சடித்திருக்கும். கோதுமை தீர்ந்ததும் அந்தத் துணியில் பிள்ளைகளுக்கு டவுசர் தைப்பார்கள். என் அண்ணன் டவுசரில் அந்தக் கைகுலுக்கல் சரியாகப் பின்புறத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் குனிந்து கோலிக்குண்டு அடிக்கும்போது நாங்கள் எல்லோரும் சிரிப்போம். எத்தனை முறை துவைத்தாலும் அந்தக் கைகள் அழியவில்லை. பால்பவுடரை அள்ளி வாயில் போட்டால் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் சுரண்டிச் சுரண்டி அரை நாள் தின்னலாம். கோதுமையை அம்மா வறுத்து, வெங்காயம் போட்டுக் கிளறுவாள். முதல் வாரம் எங்கள் தெருவே கல்யாண வீடாக மணத்தது. வெள்ளைக்காரர்கள் இதைத் தின்றுதான் அவ்வளவு உயரமாக வளர்கிறார்கள் என்று அண்ணன் சொன்னான். நான் தினமும் சுவரில் முதுகை ஒட்டி அளந்து பார்த்தேன்.

உயரவில்லை, மெலிந்தேன். மார்கழி முடிவதற்குள் கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் வந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வாய்க்கால் பக்கம் ஓடுவேன். அந்த நாற்றத்தைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டாம், அண்ணன் என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அழுதான் என்பது மட்டும் போதும். படுத்தால் வயிறு வலிக்கும், முனகிக்கொண்டே கிடப்பேன். கணை என்றார்கள், மந்தம் என்றார்கள். பூச்சி என்று வேப்பங்கொழுந்தை அரைத்து ஊற்றினார்கள். பெரியம்மா வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்து மாதா கோவில் எண்ணெயைத் தொப்புளில் தடவினாள். எல்லாம் முடிந்ததும் உடம்பு தேறட்டும் என்று கோதுமைக் கஞ்சி கொடுத்தார்கள்.

கோவிலை ஒட்டி மடம் இருந்தது. அங்கே மருந்து கொடுத்த சிஸ்டரம்மா மலையாளத்துக்காரர், நல்ல மனசு. உத்திரத்தில் கொக்கித் தராசு தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளைகளை உட்காரவைத்து நிறுப்பார். என்னை நிறுத்தபோது முள்ளைப் பார்த்துவிட்டு, இரண்டு முறை என்னை இறக்கி இரண்டு முறை ஏற்றினார். பிறகு என் சீட்டில் இரட்டைப் பங்கு என்று எழுதிக் கொடுத்தார். தெருவிலேயே எனக்கு மட்டும்தான் அது. அம்மா மடி நிறையக் கோதுமையை வாங்கிக்கொண்டு வந்து, இது முழுக்கப் பிள்ளைக்கு, வேறு யாரும் தொடக் கூடாது என்று அப்பாவுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டாள். அவர்கள் வயல் நண்டையும் நத்தையையும் வேகவைத்து, கீரையைக் கடைந்து தின்றார்கள். நான் கோதுமை தின்றேன். அண்ணன் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு நினைத்தால், எங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவன் அவன்தான்.

தை நடுவில் சித்தி கல்யாணத்துக்காகக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் போய் மூன்று நாள் இருந்தோம். திரும்பி வந்த கொஞ்ச நாளில், மாமா அரிசி கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். மத்தியானத்தில், அப்பாவும் அண்ணனும் இல்லாத நேரமாகப் பார்த்து, சின்னக் குண்டானில் ஒரு கை அரிசியைக் குழைய வடித்து, உப்புப் போட்டு எனக்கு மட்டும் ஊட்டுவாள். கொஞ்சம்தான் இருக்கிறது, வெளியே சொன்னால் அண்ணன் கேட்பான், சொல்லாதே என்பாள். நான் சொல்லவில்லை. மாமா நல்லவர் என்று மட்டும் மனசில் நினைத்துக்கொண்டேன். ஆனால் காலையும் இரவும் ரவைதான், உடம்பு ஒரு நாள் தேறும், இரண்டு நாள் விழும்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியதும் சிஸ்டரம்மா மறுபடி நிறுத்தார். எடை இன்னும் இறங்கியிருந்தது. இரட்டைப் பங்கு வாங்குகிற பிள்ளை எப்படி இறங்கும் என்ற கேள்வி எழுந்தது. அந்தச் சமயம் பார்த்து, அம்மா சாணிக்கூடைக்குள் துணி மூட்டையை வைத்துக்கொண்டு எங்கேயோ போனதைப் பார்த்ததாக யாரோ சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு வந்த கோதுமையைத் தாய் விற்றுத் தின்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அம்மாவைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டார். நான் அம்மா இடுப்பில் இருந்தேன், எட்டு வயசில் இடுப்பில் தூக்கும் எடைதான் இருந்தேன். சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டுச் சொல் என்றார். அம்மா ஒரு கையால் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையை நீட்டிச் சிலுவையைத் தொட்டு, "எம்புள்ளக் கோதுமைய நான் யாருக்கும் குடுக்கல சாமி" என்றாள்.

அப்பா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். என் பெண்டாட்டி களவாணி இல்லை, பட்டினி கிடப்போமே தவிர எங்கள் வீட்டில் யாரும் கை நீட்ட மாட்டோம் என்று கோவிலுக்குள்ளேயே உரக்கச் சொன்னார். சாமியாரை அப்படி எதிர்த்துப் பேசி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வெளியே போனவர் அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் கோவில் படியை மிதிக்கவில்லை. அம்மாவை நம்பாத கோவில் தனக்கு எதற்கு என்றார்.

ஆனாலும் சிஸ்டரம்மா விடவில்லை. இனிமேல் பிள்ளை தினமும் மடத்துக்கு வந்து தன் கண்ணெதிரே சாப்பிட வேண்டும் என்றார். சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட வராந்தா, பாதம் வைத்தால் சில்லென்று இருக்கும். தட்டு நிறைய உப்புமா, டம்ளர் நிறையப் பால். அம்மா வாசல் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சிஸ்டரம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மோளே மோளே என்று கொஞ்சி, ஒவ்வொரு கவளமாக ஊட்டினார். வாந்தி எடுத்தால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவார். ஒரு வாரத்தில் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. எனக்குச் சாகப் போகிறோம் என்று தெரிந்திருந்தது. பயமாக இல்லை, வயிறு வலிக்காமல் இருக்கும் என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

பத்தாம் நாளோ என்னவோ, அம்மா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"எம்புள்ள இனிமே இங்க சாப்புடாது சிஸ்டரம்மா. நீங்க நல்லவங்கதான். ஆனா வேணாம்."

பிள்ளை செத்தால் பழி உன் தலையில்தான் என்று சிஸ்டரம்மா அழுதுகொண்டே சொன்னார்.

"செத்தா எங்கிட்டயே சாவட்டும்" என்றாள் அம்மா.

அதோடு எங்கள் வீட்டுக்குக் கோதுமை நின்றது. திமிர் பிடித்தவள், பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாள் என்று தெருவே சொன்னது. அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமா அரிசி மட்டும் வந்துகொண்டிருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கூடவே. காலையிலும் மாலையிலும் குழைந்த சோறு. இருபது நாளில் முற்றிய கதிர் வயலில் கொட்ட ஆரம்பித்து, பண்ணை இறங்கி வந்தது. அரைப்படி கூடியது. தெருவில் நெல் வந்து இறங்கியது. ஈஸ்டர் பாஸ்காவுக்குள் நான் எழுந்து நடந்தேன், கோடை விடுமுறையில் வாய்க்காலில் குதித்தேன்.

நான் பிழைத்ததற்கு ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். கூலி கூடியதால்தான் பிள்ளை பிழைத்தது என்றார் அப்பா, அதைக் கொடிக்கம்பத்தடியில் பேசவும் பேசினார். மாதா எண்ணெய் என்றாள் பெரியம்மா. முன்பு தின்ற கோதுமையின் சத்து மெதுவாக வேலை செய்திருக்கிறது என்று சிஸ்டரம்மா நம்பினார். அம்மா குண்டானில் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். சிஸ்டரம்மா மாற்றலாகிப் போகும் முன் வீட்டுக்கு வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சோறில்லாமல் மெலிந்த பிள்ளைகளையே நூறு நூறாகப் பார்த்தவர், தின்று மெலிகிற ஒரு பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பார். நான் மட்டும் என்ன. வேலையில் இருந்த காலத்தில், மெலிந்த பிள்ளையைக் கண்டால் முதலில் தாயைத்தான் அதட்டுவேன். சத்துமாவைப் பிள்ளைக்குக் கொடுத்தாயா மாட்டுக்குப் போட்டாயா என்று ஒருத்தியைப் பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அவள் அழுதது இப்போது வந்து உறுத்துகிறது.

ஊர் வாய் மட்டும் மூடவில்லை. ஞானோபதேச வகுப்பில் ஒருத்தி என்னைக் கோதுமைக் களவாணி மகள் என்றாள். நான் அவள் கையைக் கடித்துவிட்டேன், ரத்தம் வந்தது. அன்றிலிருந்து அம்மா கோதுமையை விற்கவில்லை என்று யாரிடமாவது வாதாடிக்கொண்டேதான் வளர்ந்தேன். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம்கூட, அவர் கேட்காமலேயே வாதாடியிருக்கிறேன்.

ஆறு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தேன். வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் கிள்ளி எடுத்தார்கள். முடிவு வந்தது, சீலியாக்தான். சின்ன வயசிலிருந்தே இருந்திருக்க வேண்டும், அரிசி தின்றதால் அடங்கிக் கிடந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ரத்தம் ஏறாததற்கு இதுதான் காரணம், கரு தங்காததற்கும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அழுகையும் வந்தது, பெரிய நிம்மதியும் வந்தது. இந்த நோய் உள்ளவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். எல்லாம் சின்னப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள், நான்தான் அதில் கிழவி. கடைப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாகச் சாம்பாரில் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பிஸ்கட்டுக்கு அழுதது என்று ஒரு தாய் ராத்திரி எழுதினால், விடிவதற்குள் பத்துப் பேர் ஆறுதல் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் கேட்டுக்கு வெளியே தனியாக நின்ற அம்மா நினைவுக்கு வருவாள். வீட்டுக்காரர் தனித் தோசைக்கல் வாங்கித் தன் சப்பாத்தியைத் தானே சுட்டுக்கொள்கிறார். இன்னும் வட்டமாக வரவில்லை. பூசையில் நன்மையாகக் கொடுக்கிற அப்பமும் கோதுமைதான் என்று புதிதாக வந்திருக்கும் இளம் சாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதனால் என்னம்மா, உங்களுக்குத் திராட்சை ரசம் மட்டும் தருகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் போனது அம்மாவிடம். எண்பத்து மூன்று வயசு, காது மந்தம், மற்றபடி கல்லுக்குண்டு. எங்கள் வீட்டிலேயே கீழ் அறையில் இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து உரக்க எல்லாவற்றையும் விளக்கினேன். நீ ஒழுங்காகத்தான் கொடுத்தாய், கொடுத்ததால்தான் நான் மெலிந்தேன், களவாணி என்று சொன்ன ஊருக்கு இந்தக் காகிதத்தைக் காட்டலாம் என்றேன். ஐம்பத்தைந்து வருஷ வழக்கில் ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அம்மா காகிதத்தைத் தொடவில்லை.

"குடுத்தது நெசந்தாண்டி" என்றாள். "கோதுமையக் கொண்டுபோயி பண்ணை வீட்டுக் கொல்லையில குடுத்தேன்."

பண்ணையாருக்குச் சர்க்கரை வியாதியாம். கோதுமை தின்னச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தாராம், அப்போது எங்கள் பக்கத்துக் கடையில் கோதுமை கிடைக்காது. பண்ணை வீட்டம்மா கோதுமையை வாங்கிக்கொண்டு அளவுக்கு அளவு அரிசி கொடுத்திருக்கிறார். மாமா ஒரு மணி அரிசிகூட அனுப்பவில்லை, அவர் ஊரிலும் வேலைநிறுத்தம். என் வீட்டுக்காரருக்குச் சப்பாத்தி சுடும் அதே காரணத்துக்காக அந்த வீட்டிலும் கோதுமையைத் தேடியிருக்கிறார்கள்.

கோதுமைதான் ஆகவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும். ஒஞ்சித்தி கல்யாணத்துல மூணு நாளு சோறு தின்ன. மூணு ராத்திரியும் மொனகாம தூங்குன. வீட்டுக்கு வந்து ரவையத் தின்ன, திரும்ப மொனகல். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா ஆறு வாரம் தின்னவைத்துக் குழாய் விட்டுக் கண்டுபிடித்ததை, எழுதப் படிக்கத் தெரியாத இவள் மூன்று ராத்திரியில் கண்டுபிடித்திருக்கிறாள். யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்திருக்கிறாள். சொல்லியும் பார்த்தாளாம். கோதுமை ஆகவில்லை போலிருக்கிறது என்று சிஸ்டரம்மாவிடம் சொன்னபோது, உலகமே தின்கிற தானியம் ஒரு பிள்ளைக்கு ஆகாதா என்று அவர் சிரித்தாராம்.

மடத்துக் கோதுமை நின்ற பிறகும் அரிசி வந்ததே, அது எப்படி என்றேன். அம்மா தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். பண்ணை வீட்டுக் கொல்லையில் நெல் குத்திக் கொடுத்திருக்கிறாள். பண்ணைக்கு யாரும் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று அப்பா கொடிக்கம்பத்தடியில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில்.

"ஒங்கப்பா கருங்காலின்னு யாரையெல்லாம் வைஞ்சாரோ, அதுல நானும் ஒருத்தி" என்றாள். "சொல்லியிருந்தா அந்தச் சோத்த ஒன் வாயிலேருந்து தோண்டி எடுத்திருப்பாரு. அவரத் தப்பு சொல்லல. அவரு அப்புடி நின்னதாலதான் அரைப்படி கூடுச்சு. ஆனா அதுவரைக்கும் நீ இருக்கணும்ல."

நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். நான் வாதாடிய வாதம் எல்லாம் பொய், நான் உயிரோடு இருப்பது மட்டும் நிஜம். அம்மா பாட்டுக்கு என் நரைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் நன்மை வாங்க எழுந்து போனதே இல்லை. சாமியார்மேல் உள்ள ரோஷம் என்றும், பிற்பாடு முழங்கால் வலி என்றும் நினைத்திருந்தோம். சிலுவையைத் தொட்டுப் பொய் சொன்ன கையோடு எப்படிப் போவது என்று இத்தனை வருஷம் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமே என்று கேட்டதற்கு, அப்பா இருக்கும்வரை அந்தப் பேச்சை வாயால் எடுக்கவே பயம் என்றாள். பிறகு, இப்போது போகலாமா என்று அவளே கேட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவைப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, மரியாதையாகக் கடைசி பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். பிரயோஜனம் இல்லை. காது மந்தமானவர்கள் பாவம் சொன்னால் கோவிலுக்கே கேட்கும்.

சிலுவையைத் தொட்டுப் பொய் சொன்னதை அம்மா முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். கோதுமை, பண்ணை வீடு, நெல் குத்தியது எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அம்மாவுக்குக் கேட்கவில்லை, அவர் மறுபடி கேட்டார்.

"கோதுமையக் குடுத்ததுக்கா?" என்றாள் அம்மா. "அதுக்கு நான் வருத்தப்படல சாமி. நெல்லு குத்துனதுக்கும் வருத்தப்படல. எம்புள்ள அந்தா உக்காந்திருக்கு."

நான் பெஞ்சு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அந்த இளம் சாமியார், அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று தானும் குரலை உயர்த்திச் சொன்னார்.

"சரிங்கம்மா. பொய்க்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்க."